கப்பலில் 2000 பேர், படகுகளில் 1500 இடம். மீதி 500 பேர்?

பல்லாவரத்துப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு போகிறோம். நான், கணவர், 6 வயது மகன், 67 வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். படி ஏறினால் நின்று நின்றுதான் வருவார்.

மகன் கப்பலின் படத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தில் 5 ஆரஞ்சுப் படகுகள், மறுபக்கமும் அதேபோல் என்றால் மொத்தம் 10. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் படகின் பக்கவாட்டில் 150 பேர் என்று எழுதியிருக்கிறது. ஆக 1500. ஊழியர்களையும் சேர்த்தால் கப்பலில் 2000 பேர் இருப்பார்களாம். "மீதி 500 பேர் என்னம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார்.

கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். சமாதானத்துக்காகச் சொல்ல வேண்டாம்.

அடையாறு வாசகன்:

டைட்டானிக் காலத்தில்தான் ஆட்களைவிடப் படகு இடம் குறைவு. அதற்குப் பிறகு சட்டமே மாறிவிட்டது, எல்லோருக்கும் இடம் இருந்தே ஆக வேண்டும். உங்கள் மகன் போட்ட கணக்கு எனக்கும் குழப்பமாக இருக்கிறது. வேறு ஏதாவது ஏற்பாடு இருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பழைய போசன், தூத்துக்குடி:

உங்கள் மகன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்ம்மா. அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் 31 வருஷம் கப்பலில் இருந்தேன். சரக்குக் கப்பலில் தொடங்கி, கடைசிப் பன்னிரண்டு வருஷம் பயணிகள் கப்பலில் போசன், அதாவது தளத்து மாலுமிகளுக்குத் தலைவன். படகைத் தொங்கவிட்டு இறக்கும் டேவிட் என்ற இரும்புக் கை, கம்பி வடம், கொக்கி எல்லாம் என் பொறுப்பில் இருந்தவை. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த 500 பேருக்கும் இடம் இருக்கிறது, படத்தில் தெரியாத இடத்தில். படகுகளுக்குக் கீழேயோ பக்கத்திலோ வரிசையாக வெள்ளை டிரம் மாதிரி இருக்கும், பாருங்கள். அவை லைஃப்ராஃப்ட். உள்ளே மடித்து வைத்திருக்கும் ரப்பர் தெப்பம், கயிற்றை இழுத்தால் ஒரு நிமிஷத்துக்குள் கூரையோடு உப்பிக்கொள்ளும். கடலில் உயிர்களைக் காக்க உலகம் முழுக்க நடப்பில் இருக்கும் சோலாஸ் ஒப்பந்தத்தின் கணக்கை உங்கள் 2000 பேருக்கே போட்டுக் காட்டுகிறேன். ஒவ்வொரு பக்கமும் பாதிப் பேருக்கு, அதாவது 1000 பேருக்கு இடம் வேண்டும். அதில் 750 இடமாவது படகாக இருக்க வேண்டும், மீதி 250 தெப்பமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து 2000 வந்துவிட்டது. அதற்கு மேல் உபரியாக இன்னொரு 500 பேருக்குத் தெப்பம். ஆக 2000 பேர் கப்பலில் 2500 இடம். உங்கள் மகன் எண்ணிய பத்துப் படகு சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

சமாதானம் சொல்ல வேண்டாம் என்றீர்கள், அதனால் அடுத்ததையும் சொல்கிறேன். சரக்குக் கப்பலில் இரண்டு பக்கமும் படகு வைத்தால் ஒவ்வொரு பக்கமும் மொத்தப் பேருக்கும் இடம் இருக்கும். ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் போதும். பயணிகள் கப்பலில் அப்படி இல்லை. படகும் டேவிட்டும் 20 டிகிரி சாய்வு வரை வேலை செய்ய வேண்டும் என்பது விதி. கப்பல் அதற்கு மேல் சாய்ந்துவிட்டால் உயர்ந்து நிற்கும் பக்கத்துப் படகு கப்பலின் உடம்பிலேயே உரசி மாட்டிக்கொள்ளும். 1994-ல் பால்டிக் கடலில் எஸ்டோனியா கப்பல் சாய்ந்து மூழ்கியபோது படகுகளை இறக்கவே முடியவில்லை. 852 பேர் போனார்கள். பிழைத்த 137 பேரில் பலர் தெப்பங்களில் ஏறியவர்கள்.

இதனால்தான் நான் படகு எண்ணிக்கையைவிட நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவேன். டைட்டானிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். படகு குறைவு என்பது பெரிய அநியாயம்தான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் விதி கப்பலின் டன் அளவை வைத்துத்தான் படகுகளைக் கணக்கிட்டது. அந்தக் கணக்கு 10,000 டன்னோடு நின்றுவிட்டது, கப்பலோ 46,000 டன். 20 படகுகளில் 1178 இடம்தான் இருந்தது. ஆனால் பிழைத்தவர்கள் 700 சொச்சம். இருந்த இடமே நிரம்பவில்லை. 65 பேர் ஏற வேண்டிய முதல் படகு 30 பேர்கூட இல்லாமல் இறங்கியது. நிலைமை இன்னதென்று பயணிகளுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. எந்தப் படகுக்குப் போக வேண்டும் என்று பழக்கியிருக்கவும் இல்லை.

நூறு வருஷம் கழித்து 2012 ஜனவரி 13. இத்தாலியின் ஜிக்லியோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதியபோது இரவு 9:45. கப்பலைக் கைவிடச் சொன்னது 10:54-க்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்த நேரம் வீணாகப் போனது. 4200-க்கு மேற்பட்டவர்கள் இருந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு மஸ்டர் பயிற்சியே, அதாவது ஆபத்தில் எங்கே கூட வேண்டும் என்று பழக்கும் பயிற்சியே, நடந்திருக்கவில்லை. அது விதிமீறலும் இல்லை, அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். 2015 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது.

அப்புறம், 30 நிமிஷத்துக்குள் எல்லாப் படகும் ஆட்களோடு இறங்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 30 நிமிஷம் எப்போது தொடங்குகிறது தெரியுமா? எல்லோரும் லைஃப்ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மஸ்டர் ஸ்டேஷனில் கூடி நின்ற பிறகு, கைவிடும் உத்தரவு வந்ததிலிருந்து. உங்கள் அம்மா கேபினிலிருந்து அங்கே வந்து சேரும் நேரம் அந்தக் கணக்கில் கிடையாது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதற்கு வழி இருக்கிறது. டிக்கெட் போடும்போதும் ஏறும்போதும் அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். அவசரத்தில் உதவி வேண்டும் என்று சொன்னவர்களின் விவரத்தைக் கப்பல் கிளம்புமுன் எழுதிக் கேப்டனிடம் கொடுக்க வேண்டும், அது சோலாஸ் விதி. மஸ்டர் ஸ்டேஷன் இருக்கும் தளத்திலோ அதற்கு ஒரு தளம் மேலேயோ கீழேயோ கேபின் கேளுங்கள். கடல் தெரியும் ஜன்னலைவிட இது முக்கியம். முதல் நாள் சாயங்காலமே லிஃப்டைத் தொடாமல் படி வழியாக அம்மாவை ஒருமுறை நடத்திக் கூட்டிப்போங்கள். நின்று நின்று வரட்டும், பரவாயில்லை. எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் என்ன ஏது என்று விசாரிக்க நிற்காதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

பல்லாவரத்துப் பெண்:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. தெப்பத்தைப் பற்றிச் சொன்னதும் மகன் படத்தில் வெள்ளை டிரம்களைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். எஸ்டோனியா பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்னும் மூன்று கேள்வி. மகன் 18 கிலோதான், பெரியவர்கள் ஜாக்கெட் அவனுக்குச் சரிவருமா? அம்மா புடவைதான் கட்டுவார். படகில் ஏறச் சிரமமா? படகு இறக்கும்போது விபத்து நடக்கிறது என்று கணவர் எங்கோ படித்தாராம், அதுவும் நிஜமா?

பழைய போசன், தூத்துக்குடி:

பெரியவர்கள் ஜாக்கெட்டை மகனுக்கு மாட்டவே கூடாதும்மா. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். 15 முதல் 43 கிலோ வரை குழந்தை அளவு, அதற்குக் கீழே கைக்குழந்தை அளவு என்று தனித்தனியாக உண்டு, மேலேயே அச்சிட்டிருக்கும். கேபினில் பெரும்பாலும் பெரியவர்கள் ஜாக்கெட்தான் வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் ஸ்டூவர்டிடம் கேட்டு வாங்கி மகனுக்கு மாட்டிப் பாருங்கள். விசில் இருக்கிறதா, விளக்கின் காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிப் பார்க்கும் பிள்ளை, இதையும் சரியாகச் செய்வான்.

புடவையைப் பற்றி: முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, ஜாக்கெட்டை அதன் மேல் மாட்டி வாரைக் கட்டினால் போதும். கொசுவம் காலில் தட்டாமல் கணுக்காலுக்கு மேலே கட்டச் சொல்லுங்கள். இரவில் படுக்கும்போது ஒரு சுடிதாரையும் பின்பக்கம் வார் வைத்த செருப்பையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். படகு ஏறும் தளத்தின் மட்டத்துக்கே வந்து நிற்கும், ஒரு எட்டு வைத்தால் உள்ளே. ஆனால் உள்ளே நெருக்கம். ஆளுக்கு 75 கிலோ, 43 சென்டிமீட்டர் அகலம் என்றுதான் இருக்கையைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

உங்கள் கணவர் படித்தது நிஜம். பெரும்பாலும் அடிபடுவது எங்களைப் போன்ற ஊழியர்கள், அதுவும் பயிற்சியின்போது. 2013 பிப்ரவரியில் கேனரித் தீவுகளின் லா பால்மா துறைமுகத்தில் தாம்சன் மெஜஸ்டி என்ற கப்பலின் பயிற்சியில் கம்பி வடம் அறுந்து படகு கவிழ்ந்து விழுந்தது. 5 பேர் இறந்தார்கள். வடம் உள்ளுக்குள் துருப்பிடித்திருந்தது. உருளையின் மேல் எப்போதும் ஒரே இடத்தில் வளைந்து கிடக்கும் பகுதி அது. மேலே கிரீஸ் பூசினால் பளபளவென்று நன்றாகத்தான் தெரியும். அந்தச் செய்தி வந்த வாரம் என் கப்பலில் எல்லா வடத்தின் அந்த இடத்தையும் துடைத்து, இழை இழையாகப் பார்த்தோம்.

எனக்கே ஒன்று நடந்தது. வேறொரு கப்பலில், நான் போசனாகும் முன் ஏ.பி. என்ற மாலுமியாக இருந்தபோது, பின்பக்கக் கொக்கி சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. பூட்டியதுபோலத்தான் தெரிந்தது. படகைத் தூக்கும்போது பின்பக்கம் மட்டும் அவிழ்ந்து தொங்கியது. உள்ளே இருந்த என் கூட்டாளிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து போசனாகி ஓய்வு பெறும் வரை, கொக்கியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் யாரையும் படகில் ஏற்றியதில்லை. இப்போது கொக்கிகளின் விதிகளையும் கடுமையாக்கிவிட்டார்கள், பழைய மாதிரிகளைச் சோதித்து மாற்ற வேண்டும் என்று 2013 முதல் கட்டாயம்.

ராயபுரம் ராஃப்ட் சர்வீஸ்:

போசன் ஐயா சொன்னதோடு தெப்பத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், என் வேலையே அதுதான். ஒவ்வொரு தெப்பத்தையும் பொதுவாக வருஷத்துக்கு ஒருமுறை கரைக்குக் கொண்டுவந்து, உப்ப வைத்து, கசிவு பார்த்து, திரும்ப மடித்துக் கட்டுகிறோம். டிரம்மின் மேலே கடைசியாக சர்வீஸ் செய்த தேதி இருக்கும். தளத்தில் நடக்கும்போது உங்கள் மகனே படித்துப் பார்க்கலாம். யாரும் இழுக்க நேரமில்லாமல் கப்பல் மூழ்கினாலும், 4 மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீரின் அழுத்தத்தாலேயே ஒரு சாதனம் பட்டையை அறுத்துவிடும். டிரம் மேலே மிதந்து வரும், கப்பல் கீழே போகும்போது கயிறு இழுபட்டுத் தெப்பம் தானே உப்பும்.

உள்ளே ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருக்கும், படகில் என்றால் 3 லிட்டர். வாந்தி மாத்திரையும் இருக்கும். ஏறியதும் குமட்டுகிறதோ இல்லையோ முதலில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். தெப்பம் ஆடும் ஆட்டத்தில் வாந்தி எடுத்தால் உடம்பில் இருக்கும் தண்ணீர்தான் முதலில் போகும்.

பல்லாவரத்துப் பெண்:

ஐந்தாம் தளத்தில் கேபின் மாற்றிவிட்டோம், மஸ்டர் ஸ்டேஷனும் அதே தளம்தான். ஜன்னல் கிடையாது. அம்மாவின் முழங்கால் விவரத்தையும் எழுதிக் கொடுத்தாயிற்று. அம்மா நேற்று கடைக்குப் போய் வார் வைத்த செருப்பு வாங்கி வந்துவிட்டார்.