புதுப்பிப்பு: மன்னார்குடியில் பார்த்த 2011 மாடல் கார்

மன்னார்குடியில் விலைக்கு வந்த 2011 மாடல் சிறிய காரை வாங்கலாமா என்று சென்ற மாதம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன்; அதை வாங்கவில்லை. எஞ்சின் சீராகவே ஓடியது. ஆனால் நீங்கள் சொன்னபடி பின்னிருக்கை சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்தபோது, கடைசி ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த வண்டல் படிந்திருந்தது; தரை விரிப்பைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தியதும் அடித்தகடு அப்பளம் போல நொறுங்கியது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதில் எனக்கு ஐயமில்லை. டயரில் 1416 என்றிருந்தது, அதாவது 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத் தயாரிப்பு. டயரின் மேற்பட்டன்கள் தேயாதிருந்தாலும் அந்த வயது ரப்பரை நம்ப முடியாது. அம்மாவை வாரந்தோறும் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவே கார் தேடுகிறேன் என்பதால், ஏபிஎஸ்ஸும் (திடீரென பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஓட்டுநர் ஏர்பேக்கும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமான 2019 ஜூலைக்குப் பிந்தைய வண்டிகளையே இனிப் பார்ப்பேன்.