செயலியில் எழுத்தும் எண்ணும் கற்ற குழந்தைக்குப் பிற பிள்ளைகளின் துணை எவ்வளவு தேவை?

கேள்வி: அழகாபுரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. கற்றல் செயலி ஒன்றின் உதவியால் தமிழ், ஆங்கில எழுத்துகளை அடையாளம் காண்கிறாள். ஒன்று முதல் நூறு வரை தடையின்றிச் சொல்கிறாள். ஆனால் தாயம் ஆட வைத்திருக்கும் புளியங்கொட்டைகளில் எட்டை எடுத்துத் தரச் சொன்னால், கைக்கு வந்ததை அள்ளித் தருகிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்தால் யார் முதலில் என்ற சண்டை தொடங்குகிறது; சற்று நேரத்தில் இவள் எழுந்து திரையிடமே போய்விடுகிறாள்.

செயலி பொறுமை இழப்பதில்லை, தவறாகவும் சொல்லித் தருவதில்லை, பிள்ளைகளோடு பழகுவதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது என் கணவரின் கருத்து. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் மாமியார், கோடை விடுமுறை முழுவதும் பேத்தியைத் தம்மிடம் விடச் சொல்கிறார். அங்கே பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் பல வயதில் இருக்கிறார்கள். எழுத்துப் பயிற்சி விட்டுப்போகுமே என்று எனக்குத் தயக்கம். பிறரோடு பழகுவது குணத்துக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. அறிவு வளர்வதற்கும் அது தேவைதானா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: முன்பருவக் கல்விப் பயிற்றுநர்

அம்மா, தேவைதான். அதுவும் ஓர் ஓரத் தேவையன்று. இந்த வயதில் அறிவு வளரும் வழியே பெரும்பாலும் பிற மனிதர்கள் வழியாகத்தான் அமைகிறது.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலம் மட்டுமே பேசப்படும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீனமொழி பேசுவோர் தரையில் எதிரே அமர்ந்து, படப் புத்தகம் படித்துக் காட்டி, பொம்மைகளை வைத்து விளையாடினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 நிமிடமாக 12 அமர்வுகள் நடந்தன. அதன் பிறகு அக்குழந்தைகள், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டை, தைவானில் பிறந்து வளரும் குழந்தைகளுக்கு ஈடாகப் பிரித்தறிந்தார்கள். அதே மனிதர்கள், அதே புத்தகங்களோடு, அதே அளவு நேரம் தொலைக்காட்சித் திரையில் பேசியதைப் பார்த்த குழந்தைகளிடம் எந்த மாற்றமும் இல்லை.

காதில் விழுந்த ஒலி ஒன்றுதான். நேரில் இருந்தவர் குழந்தையின் கண் போகும் இடத்தைக் கவனித்தார்; அது பார்த்த பொருளின் பெயரைச் சொன்னார்; அது முகம் திருப்பியபோது நிறுத்திக் காத்திருந்தார். சோறு ஊட்டும்போது மாடிச் சுவரில் வந்து அமரும் காக்கையைப் பாட்டி விரல் நீட்டிக் காட்டுகிறாரே, அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இன்னொருவர் பார்ப்பதையே தானும் பார்ப்பது என்பது, ஒன்பதாம் மாதம் தொடங்கி முதல் பிறந்தநாளையொட்டி உறுதிப்படும் ஒரு திறன். ஒரு சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று குழந்தை கண்டுகொள்வது பெரும்பாலும் இதன் துணையால்தான்.

எண்களைப் பற்றி நீங்கள் எழுதியதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. நூறு வரை சொல்வது வரிசையை ஒப்பிப்பது. எட்டு என்றால் எத்தனை என்று அறிவது வேறு. அது மெதுவாகத்தான் வரும், நான்கு வயதில் தடுமாறுவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவின் குழுவினர் 44 குடும்பங்களை வீட்டுக்கே சென்று பதிவு செய்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். 14 முதல் 30 மாத வயதில் பெற்றோர் எண்களை வைத்துக் குழந்தையோடு எவ்வளவு பேசினார்கள் என்பதற்கும், நான்கு வயதை நெருங்கும்போது அக்குழந்தைகள் எண்ணின் பொருளை எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதற்கும் தொடர்பு இருந்தது. குறிப்பாக, கண்முன் இருக்கும் பொருள்களை எண்ணிச் சொன்ன பேச்சே மிகுந்த பயன் தந்தது என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. இட்லித் தட்டை வைத்துவிட்டு, "அப்பாவுக்கு மூன்று, உனக்கு இரண்டு, மொத்தம் எத்தனை வேண்டும்?" என்று கேட்பதை எந்தச் செயலியாலும் ஈடு செய்ய முடியாது. அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே விடை தேவைப்படுகிறது என்பதைக் குழந்தை உணர்கிறது.

பதில் 2: மலைப்பள்ளி ஆசிரியர்

மகளே, சேர்வராயன் மலையில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெரியவர்கள் குழந்தையோடு பேசுவதைப் பற்றி மேலே பயிற்றுநர் நன்றாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியராவதை நான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலைக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியர் குறைவு. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் அமர்வது வழக்கம். வெளியிலிருந்து வருவோர் அதைக் குறையாகவே பார்ப்பார்கள். 2007-08ஆம் கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் முறை தமிழகத்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் வந்தபோது, பல வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து கற்பதே முறையாயிற்று. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியினர் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்காக வகுத்த கற்றல் ஏணியை, அதாவது பாட அட்டைகளை ஒவ்வொன்றாக முடித்துப் படிப்படியாக மேலேறும் வரிசையை, ஒட்டி அது அமைந்தது. ஓர் அட்டையை முழுக்க ஆசிரியர் துணையோடு செய்வது, சக மாணவர் துணையோடு செய்வது, தானே செய்வது என்று பிள்ளைகள் குழு மாறிக்கொண்டே போவார்கள். இந்த வரிசையில்தான் அந்த முறையின் உயிர் இருந்தது என்பது என் துணிபு. அட்டைகளை நிரப்புவதே நோக்கமாகிப்போன இடங்களில் அது தோற்றது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) இதற்கு அடிப்படையைச் சொல்லி வைத்தார். குழந்தை தனியாகச் செய்து முடிப்பதை மட்டும் அளந்தால் நேற்று வரை வளர்ந்ததைத்தான் அளக்கிறோம். தன்னைவிட அறிந்த ஒருவரின் துணையோடு எதைச் செய்யக்கூடுமோ, அந்த இடைவெளியில்தான் நாளைய வளர்ச்சி இருக்கிறது என்றார். எந்தத் திறனும் முதலில் இரண்டு பேருக்கிடையே தோன்றி, பிறகே ஒருவரின் மனத்துக்குள் குடியேறுகிறது என்பது அவர் கொள்கை. சின்னப் பிள்ளைகள் வேலை செய்துகொண்டே தமக்குத்தாமே முணுமுணுப்பதை, பிறரோடு பேசிய பேச்சு உள்ளே சென்று சிந்தனையாக மாறும் இடைநிலை என்று அவர் கருதினார். என் வகுப்பில் அக்காள் ஒருத்தி, "கடன் வாங்கினாயா? பக்கத்துக் கட்டத்தில் ஒன்றைக் குறைத்தாயா?" என்று கேட்டுக் கேட்டுக் கழித்தல் சொல்லிக்கொடுப்பாள். சில வாரங்களில் தம்பி அதே கேள்விகளை அதே தொனியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கணக்கைப் போட்டுவிடுவான். அக்காளுக்கும் அதனால் இழப்பில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தர முயலும்போதுதான் அவளுடைய அறிவில் இருந்த ஓட்டை அவளுக்கே தெரிந்தது.

ஒத்த வயதினர் மட்டுமே இருக்கும் இடத்தில் இது குறைவாகவே நடக்கும். ஆகவே நாகலூர்ப் பக்கம் பல வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஆறு வயதுக்காரியும் ஒன்பது வயதுக்காரனும் ஆடும் ஆட்டத்தில் நான்கு வயதுக் குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவுட்டானாலும் அவளை வெளியேற்ற மாட்டார்கள். விதியைப் பார்த்து, பின்பற்றி, மெல்ல முழு ஆட்டக்காரியாவதற்கு நம் பிள்ளைகள் தாமாகவே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. தயங்காமல் அனுப்புங்கள்.

பதில் 3: அம்மாப்பேட்டை நெசவாளர்

எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. பிள்ளைகளை வேலைக்கு வைப்பதில்லை, அவர்கள் படிக்கத்தான் வேண்டும். ஆனாலும் பாட்டி நூலைத் தாராகச் சுற்றும் இடத்தில் பேரன் உட்கார்ந்து, எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களை எண்ணும் கணக்கை யாரும் அவனுக்குப் பாடமாக நடத்தவில்லை. பெரியவர்கள் செய்வதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பும் கற்றல்தான் என்று நினைக்கிறேன். அடுக்குமாடி வீட்டில் சமையலறை இருக்கிறதே, அங்கே அவளுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.

பதில் 4: அமைதியான மகனின் தந்தை, சூரமங்கலம்

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் "பிள்ளைகளோடு விட்டால் தானாகக் கற்றுக்கொள்வாள்" என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகன் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டான். உறவினர் வீட்டில் பெரிய பிள்ளைகள் அவனுக்காக எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள், அல்லது அவனைக் கேலி செய்வார்கள். அங்கே அவன் கற்றது ஒதுங்கி நிற்பதைத்தான். ஒரே ஒரு நண்பன் கிடைத்த பிறகே அவன் பேச்சு விரிந்தது. துணையின் எண்ணிக்கை பெரிதன்று, அந்தத் துணை குழந்தைக்குக் காது கொடுக்கிறதா என்பதே பெரிது. தனியாகக் கட்டைகளை அடுக்கி, தானே இடித்து, தானே கண்டுபிடிக்கும் நேரமும் குழந்தைக்கு வேண்டும். அதைத் திரையோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்று. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரல் நீட்டிக் காட்டாமை, கண்ணைப் பார்த்துப் பேசாமை ஆகியவை இருந்தால், விடுமுறைக்கு அனுப்புவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செவித்திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு அப்படி ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை. இதைப் படிக்கும் பிற பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அழகாபுரம் வாசகி

அனைவருக்கும் நன்றி. அழைத்தால் ஓடி வருவாள், விரல் நீட்டிக் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவாள். அந்தக் கவலை இல்லை. அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டோம், முதல் வாரம் நானும் உடனிருப்பேன். இரண்டு ஐயங்கள் மட்டும். பிள்ளைகள் சண்டையிடும்போது நான் தலையிடலாமா? திரும்பி வந்த பிறகு பாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவதும் திரைதானே, அதையும் நிறுத்த வேண்டுமா?

பதில் 5: முன்பருவக் கல்விப் பயிற்றுநர்

காணொளி அழைப்பை நிறுத்த வேண்டாம். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள், தம்மோடு நேரடியாகப் பேசிப் பதிலுக்குக் காத்திருந்தவரிடமிருந்து, அவர் காணொளி அழைப்பில் இருந்தபோதும், புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். முன்பே பதிவு செய்த காட்சியிலிருந்து கற்கவில்லை. குழந்தை ஒன்று சொன்னால் எதிரில் இருப்பவர் அதற்கேற்ப மறுமொழி தருகிறாரா என்பதுதான் வேறுபாடு. பாட்டி திரையில் இருந்தாலும் பாட்டிதான். செயலியையும் முற்றாக விலக்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து அதைப் பற்றிப் பேசுங்கள், நேரத்தைக் குறையுங்கள். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது.

சண்டையைப் பொறுத்தவரை, அடி விழாதவரை சற்றுப் பொறுங்கள். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, கோலி விளையாடும் சிறுவர்களிடம் விதிகளைக் கேட்டுக் கேட்டு ஆராய்ந்து 1932இல் எழுதினார். பெரியவர் சொல்லும் விதிக்குக் குழந்தை அடிபணிகிறது. சமமானவனோடு வாதிடும்போதுதான் மற்றவனுக்கும் ஒரு பார்வை உண்டு என்பதையும், விதியைப் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் அறிகிறது. நீங்கள் நடுவராகித் தீர்ப்புச் சொன்னால் அந்தப் பயிற்சி அவளுக்குக் கிடைக்காது. நான்கு வயதில் சொற்கள் போதாமல் அழுகை முந்திக்கொள்ளும். அப்போது அருகில் சென்று, "உனக்கு என்ன வேண்டும் என்று அவனிடம் சொல், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேள்" என்று இருவர் வாயிலும் சொல்லை எடுத்துக் கொடுங்கள். அவர்கள் பேசத் தொடங்கியதும் நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.