ஏஓடி உச்சியில் மட்டும் ஏறுகிறது, ஆல்பிடோ காலையும் மாலையும் ஒத்துவரவில்லை: எங்கே கோளாறு?

கேள்வி:
வணக்கம். எல்இடி-யையே உணரியாக வைத்துச் செய்த சன் போட்டோமீட்டர் (நேரடிச் சூரிய ஒளியை அளக்கும் கருவி), பச்சை சேனல், 505 நானோமீட்டர். கூடவே புல்தரைக்கு 1.5 மீட்டர் உயரத்தில் இரண்டு பைரனோமீட்டர் (எல்லாத் திசையிலிருந்தும் விழும் மொத்த ஒளியை அளப்பவை), ஒன்று வானம் பார்த்து, ஒன்று தரை பார்த்து. இரண்டும் சிலிக்கான் வகை.

மேகமில்லாத நாளில் காற்றுநிறை (சூரிய ஒளி கடந்துவரும் காற்றின் அளவு, சூரியன் நேர் உச்சியில் என்றால் 1) 4 இருக்கும்போது, காலை, மாலை இரண்டிலும், ஏஓடி (காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியை மறைக்கும் அளவு) 0.26. சூரியன் உச்சிக்கு வந்து காற்றுநிறை 1 ஆனதும் 0.38. தெளிவான நாள் எல்லாவற்றிலும் இதே மேடுதான். ஆல்பிடோவோ (விழும் ஒளியில் தரை திருப்பியனுப்பும் பங்கு), சூரியன் உச்சியிலிருந்து 60 டிகிரி சரிந்திருக்கும்போது காலையில் 0.23, மாலையில் 0.21. வி-ஜீரோவை (காற்றே இல்லாவிட்டால் கருவி காட்டும் அளவு) ஜனவரி முதல் வாரம் லாங்லி முறையில் (அளவீட்டின் மடக்கையைக் காற்றுநிறைக்கு எதிராக வரைந்து, கோட்டைக் காற்றுநிறை பூஜ்யம் வரை நீட்டி) எடுத்தேன், இப்போது ஜூலை. நண்பகலில் தூசு எழும்புவதுதான் காரணமா?

பதில் 1:
தூசு மேல் பழி போடாதீர்கள். தூசு நாளுக்கு நாள் மாறும். தினமும் உச்சியை நடுவில் வைத்துச் சமச்சீராக ஏறி இறங்குகிறது என்றால் அது வி-ஜீரோ பிழை. வி-ஜீரோவில் உள்ள தவறு ஏஓடி-க்குள் காற்றுநிறையால் வகுபட்டுத்தான் வரும். அதனால் உச்சியில் முழுசாக இருக்கும், காற்றுநிறை 4-ல் கால்பங்காகிவிடும். உங்கள் வித்தியாசம் 0.12, அது முக்கால் பங்கு. முழுப் பிழை 0.16, அதாவது வி-ஜீரோ சுமார் 17% கூடுதல். உண்மையான ஏஓடி 0.22 பக்கம்.

இதில் 7% சூரியத் தொலைவிலிருந்தே வருகிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில். தொலைவின் இருமடித் திருத்தத்தை நீங்கள் போடவில்லை என்று நினைக்கிறேன். மிச்சம், லாங்லி எடுத்த காலையில் பனிமூட்டம் கலைந்துகொண்டிருந்திருக்கும். நேரம் ஏற ஏற மூட்டம் குறைந்தால் கோடு செங்குத்தாகி வி-ஜீரோ மேலே போய்விடும். காற்றுநிறை 5 முதல் 2 வரை, புள்ளிகள் நேர்கோட்டில் விழும் சில நாட்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். நேர்கோடாக விழுந்தாலும் ஒரே நாளை நம்பக்கூடாது. மூட்டம் சீராகக் குறைந்தாலும் கோடு நேராகத்தான் தெரியும்.

ராலே சிதறலை (காற்று மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பது) கழிக்க மறந்தால் மேடு வராது. கடல்மட்டத்தில் இந்த அலைநீளத்துக்குச் சுமார் 0.14, எல்லா நேரமும் ஒரே அளவில் கூடி நிற்கும்.

பதில் 2:
ஆல்பிடோவுக்கு முதலில் மட்டம் பாருங்கள். 60 டிகிரியில், சூரியன் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ 1 டிகிரி சாய்ந்தாலே நேரடி ஒளி 3% தப்பும். மொத்த ஒளியில் நேரடிப் பங்கு 70% என்று வைத்தால் 2%. உங்களுடையது சராசரியிலிருந்து கூட்டியும் குறைத்தும் 4.5%, ஆக மேல் உணரி ஏறக்குறைய 2 டிகிரி மேற்கே சாய்ந்திருக்கிறது. காலையில் குறைத்துக் காட்டுவதால் ஆல்பிடோ கூடுகிறது. கருவியை 180 டிகிரி திருப்பி இன்னொரு நாள் எடுங்கள். வித்தியாசம் தலைகீழானால் சாய்வுதான். ஆகாவிட்டால் காலைப் பனித்துளி, கம்பத்தின் நிழல் என்று பார்க்கலாம். குமிழ்மட்டம் உணரியின் முகத்துக்கு இணையாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் சோதியுங்கள்; இதை யாரும் பார்ப்பதில்லை.

கேட்டவர்:
திருப்பிப் பார்த்தேன், காலை 0.21, மாலை 0.23 என்று மாறிவிட்டது. மட்டம் சரிசெய்ததும் இரண்டிலும் 0.22. அப்படியே வைத்துக்கொள்ளலாமா? தரைமேல் வெள்ளை விரிப்புப் போட்டால் வானொளியும் கூடுமா?

பதில் 2:
0.22-ஐ முழு நிறமாலை ஆல்பிடோ என்று எழுதாதீர்கள். சிலிக்கான் 1100 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். புல் 700-க்கு மேல் அகச்சிவப்பில் பளிச்சென்று எதிரொளித்து, அப்பால் மங்கிவிடும். அதனால் மதிப்பு மிகையாகவே வரும். ஒளி தரும் வெப்பத்தை அளக்கும் தெர்மோபைல் வகைதான் சரி, அது சுமார் 2800 வரை எடுக்கும்.

விரிப்பு வானத்தை மாற்றாது. துகள்கள் திருப்பியனுப்பும் ஒளி கிலோமீட்டர் கணக்கில் பரந்த தரையின் சராசரியைப் பொறுத்தது. கீழ் உணரிக்கு மட்டும் தெரியும், அதுவும் விரிப்பின் அளவைப் பொறுத்து. உணரியின் உயரத்துக்குச் சமமான ஆரமுள்ள வட்டம் பாதிச் சமிக்ஞைதான் தரும், மூன்று மடங்கு ஆரம் 90%, பத்து மடங்கு 99%. 1.5 மீட்டரில் 15 மீட்டர் ஆரத்துக்கு விரிப்பு கிடைப்பது கஷ்டம். உணரியை 50 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 4 மீட்டர் விட்ட வட்டமே 94% தரும். ஆனால் கருவியின் நிழல் பெரிதாக விழும், அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.