ஏய்க்கும் பாக்டீரியா ஏன் ஜெயிப்பதில்லை? வேர்முடிச்சுக் கூட்டு பற்றி ஒரு கேள்வி

தும்பை:
உளுந்து, சோயா வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிடிக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயமான மூலக்கூறு) செலவாகிறது. அந்த வேலையைச் செய்யாமல் சர்க்கரையை மட்டும் தின்று பெருகும் பாக்டீரியாவுக்குத்தானே லாபம்? இயற்கைத் தேர்வில் அதுதானே நிலைத்திருக்க வேண்டும்? பொதுக் காரியத்துக்குப் பங்கு போடாமல் பலனை மட்டும் பெறும் மனிதர்கள் விஷயத்திலும் இதே கேள்வி வருகிறது.

கரிசல்மண்:
செடி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. 2003இல் டோபி கியர்ஸ், ஃபோர்டு டெனிசன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் சோயாவில் இதைச் சோதித்தார்கள். சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை நிரப்பினார்கள்; ஆக்சிஜன் 20 சதவீதம் அப்படியே. பாக்டீரியா உழைக்கத் தயார், பிடிக்கத்தான் எதுவும் இல்லை. செடியின் கணக்கில் அது ஏய்ப்புதான். அந்த முடிச்சுகளில் பாக்டீரியா எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உள்ளே ஆக்சிஜனும் குறைந்திருந்தது.

இதில் அழகு அந்த ஆக்சிஜன் கட்டுப்பாடுதான். நைட்ரஜன் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் முடிச்சின் வெளியடுக்கில் செடி எப்போதுமே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. நொதியைக் காக்கும் அதே தடுப்பை இன்னும் இறுக்கினால் பாக்டீரியாவுக்கு மூச்சுத் திணறும்; அதுவே தண்டனை.

அப்படியும் ஏய்ப்பவை அடியோடு அழிவதில்லை. பெரும்பாலும் ஒரு முடிச்சு ஒரே பாக்டீரியாவின் வழித்தோன்றல்களால் நிரம்பும். இரண்டு வகை சேர்ந்து நுழைந்துவிட்டால், செடி தண்டிப்பது முழு முடிச்சை என்பதால், சோம்பேறி உழைப்பாளியின் நிழலில் தப்பித்துவிடும்.

வயல்நண்டு:
வயலில் பார்க்க வேண்டுமானால், 30-35 நாள் பயிரைப் பிடுங்காமல் மண்கட்டியோடு தோண்டி எடுத்து நீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். பிளேடால் குறுக்கே வெட்டினால் இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது, முடிச்சுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. வெள்ளை என்றால் இளசு அல்லது பயனற்றது. பச்சை, பழுப்பு என்றால் காலம் முடிந்தது.

செடியே கூட்டை முறித்துக்கொள்வதும் உண்டு. யூரியா தாராளமாகப் போட்டால் வேருக்கு நைட்ரஜன் நேராகவே கிடைக்கும், முடிச்சு குறையும். அதனால்தான் இறவை உளுந்துக்கு அடியுரமாக ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்தோடு (நைட்ரஜன்) நிறுத்துகிறார்கள். ரைசோபியம் ஹெக்டேர் விதைக்கு 600 கிராம்: ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்வதானால் அதற்கு 24 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஒன்றாகக் கலந்தால் பாக்டீரியா சாகும்.

செம்போத்து:
மனிதர் பக்கம்: ஃபேர், கேக்டர் என்ற பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட சோதனையில் நான்கு பேர், ஆளுக்கு 20 காசு. பொதுவில் போடும் ஒவ்வொரு காசுக்கும் நால்வருக்கும் தலா 0.4 திரும்பும். குழுவுக்கு 1.6 வரவு, போட்டவருக்கு 0.6 நட்டம். சுற்றுக்குச் சுற்று பங்களிப்பு சரிந்தது. தன் காசில் 1 செலவழித்து ஏய்ப்பவரிடம் 3 பிடுங்கலாம் என்றதும் ஏறியது, அடுத்த சுற்றில் அதே ஆளைச் சந்திக்க மாட்டோம் என்று தெரிந்திருந்தும்.

ஆனால் செடியோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. செடிக்குத் தண்டனை என்பதே சிக்கனம்; தண்டிக்கும் மனிதருக்கோ அது செலவு. 16 இடங்களில் செய்து 2008இல் வெளியான சோதனையில், ஏதென்ஸ், மஸ்கட் போன்ற ஊர்களில் தாராளமாகப் போட்டவர்களையே பலர் தண்டித்தார்கள். அங்கே ஒத்துழைப்பு உயரவில்லை.

ஆகவே தண்டிக்கும் செலவை யார் ஏற்பது என்பதுதான் மனிதருக்கு உரிய சிக்கல். நம் ஏரிப் பாசனத்தில், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி அதற்கு ஒரு விடை. பல ஊர்களில் அவருக்கு ஆயக்கட்டில் (அந்த ஏரி பாயும் நிலப்பரப்பில்) நிலமே கிடையாது, ஆகவே யார் மடையையும் தனக்காகத் திறக்க வேண்டியதில்லை. கூலியை விவசாயிகள் அறுவடையில் நெல்லாக அளந்தார்கள். கிணறுகள் பெருகி, ஏரி நீரை நம்பாதவர்கள் நெல் அளக்காமல் விட்ட இடங்களில் நீர்ப் பங்கீடு தளர்ந்து, முதலில் காய்ந்தது கடைமடை.