பிரிட்டனின் பழமைவாதிகள் காக்க நினைப்பது எந்தச் சுதந்திரத்தை?

கேள்வி: வண்ணை வாசகன் (பழைய வண்ணாரப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டத்தில், அடுத்த வாரம் பிரிட்டனின் பழமைவாதத்தைப் பற்றி நான் பேச வேண்டும். இரண்டு வாரங்களாகப் படித்தும் ஒரு முடிச்சு அவிழவில்லை.

அந்நாட்டுப் பழமைவாதிகளின் கட்டுரைகளில் எதைப் புரட்டினாலும், பேச்சுரிமை பறிபோகிறது, சமூக ஊடகத்தில் எழுதியதற்காகக் காவலர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், அரசு குடிமக்களைக் குழந்தைகளைப் போல நடத்துகிறது என்ற குறைகளே நிறைந்திருக்கின்றன. ஆனால் 2010 முதல் 2024 ஜூலை வரை ஆட்சிக்குத் தலைமை தாங்கியது கன்சர்வேட்டிவ் கட்சிதான். போராட்டங்களுக்குக் கடிவாளம் போட்ட 2023ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டமும், அதே ஆண்டில் நிறைவேறிய இணையப் பாதுகாப்புச் சட்டமும் அவர்கள் கொண்டுவந்தவையே. சட்டத்தை இயற்றியவர்களே அதைப் பற்றிப் புலம்புவது வெறும் நாடகமா, அல்லது என் கண்ணில் படாத நியாயம் ஏதேனும் அதற்குள் இருக்கிறதா? எங்கள் வட்டத்தில் தொழிற்சங்கத்தில் ஊறிய பெரியவர்கள் பலர் உண்டு. அவர்கள் 'எல்லாம் வேஷம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும்.

பதில் 1: கல்மண்டபத்துப் பெரியவர் (இராயபுரம்)

தம்பி, 'வேஷம்' என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்; கடைசியில் தேவைப்படும். அதற்கு முன் ஓல்டு ஜெயில் ரோட்டில், பாரதி மகளிர் கல்லூரியைத் தாண்டி, மாடிப் பூங்காவுக்கு ஒரு முறை போய் வாருங்கள். அங்கே நீங்கள் ஏறி நிற்கும் மேடு, 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரத்தை, அதாவது கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த பகுதியை, சுற்றி எழுப்பிய மதிலின் எஞ்சிய துண்டு. பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையும் ஐதர் அலியின் படையெடுப்பும் தந்த அச்சத்தில் கட்டியது அது. அதன் செலவுக்கென்று எண்ணிய வரியின் பெயரைத்தான் வால்டாக்ஸ் சாலை என்று இன்றும் பேருந்து நடத்துநர் கூவுகிறார். அந்த மதிலைக் கட்டும் ஒப்பந்தத்தைப் பெற்றவர் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியரான பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். பின்னாளில் இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர்.

1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து அந்தக் கடன்களையும் பென்ஃபீல்டையும் கிழித்துத் தொங்கவிட்டவர் எட்மண்ட் பர்க். பிரிட்டிஷ் பழமைவாதத்தின் தந்தை என்று இன்று கொண்டாடுகிறார்களே, அதே பர்க்தான். (அவர் இன்றைய கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னோடியான டோரி அணியைச் சேர்ந்தவர் அல்லர், எதிரணியான விக் கட்சிக்காரர் என்பதைக் கூட்டத்தில் மறக்காமல் சொல்லுங்கள்; தெரிந்த ஒருவர் எழுந்து திருத்துவதற்குள் நாமே சொல்லிவிடுவது நல்லது.) அந்த உரையில், கர்நாடகப் பகுதியிலும் (இன்றைய கர்நாடக மாநிலம் அன்று, ஆற்காட்டு நவாபின் சீமை) தஞ்சையிலும் பழைய அரசர்கள் வெட்டி வைத்த ஏரிகள் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். தம் காலத்தோடு நின்றுவிடாமல், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகவும் வெட்டியவை அவை என்று வியக்கிறார். கும்பினி ஊழியர்களின் பேராசை அவற்றைத் தூர்ந்துபோக விட்டது என்பது அவருடைய கோபம்.

உங்கள் முடிச்சுக்கு ஒரு நுனி இங்கே கிடைக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1790இல், பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதியபோது சுதந்திரத்தையும் அவர் இப்படித்தான் பார்த்தார். ஏரியைப் போல முன்னோர் விட்டுச்சென்ற சொத்து அது. நாம் பராமரித்து அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே பர்க் வழி வந்த ஒருவர் சுதந்திரம் என்னும்போது நீதிமன்றம், நாடாளுமன்றம், தேவாலயம், குடும்பம், கிராமத்துச் சங்கம் என்று அதற்குக் கரையாக நிற்பவற்றையும் சேர்த்தே சொல்கிறார். கரையை உடைப்பவனைத் தடுப்பதும் அவர் கணக்கில் சுதந்திரத்தைக் காப்பதுதான். 2021இல் போராட்டக்காரர்கள் லண்டனைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தியபோது, சாலை எல்லோருக்கும் பொது என்ற வாதத்தை வைத்தே கடுமையான சட்டத்தை நியாயப்படுத்தினார்கள்.

மற்றொரு நுனி, 1979இல் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்த பிறகு ஓங்கிய சந்தைச் சுதந்திரம். அரசு விலகி நிற்கட்டும், தனிமனிதன் தன் முயற்சியில் வாழட்டும் என்பது அது. இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே கட்சியில் உட்கார்ந்திருப்பதால், ஒருவர் எழுதும் சட்டம் மற்றவருக்குக் கசக்கிறது. இணையப் பாதுகாப்பு மசோதாவை 2022இலேயே வெளிப்படையாகக் குறை சொன்னவர்களுள் ஒருவர், இப்போது கட்சித் தலைவராக இருக்கும் கெமி பேடனாக். பெரியவர்கள் எதைப் படிக்கலாம் என்பதில் தலையிடும் பகுதியை அந்த ஆண்டின் இறுதியில் அவர்களுடைய அரசே நீக்கியது.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 மே 6, மன்னர் சார்லஸ் முடிசூடிய நாள். பொது ஒழுங்குச் சட்டம் ஒப்புதல் பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. முடியாட்சியை எதிர்க்கும் அமைப்பின் தலைவரையும் சிலரையும், பதாகைகளைக் கட்டும் பட்டைகள் வைத்திருந்ததால், காவலர்கள் பிடித்துப் போய்ப் பல மணி நேரம் வைத்திருந்தார்கள். பிறகு வழக்கில்லை என்று விட்டு, வருத்தமும் தெரிவித்தார்கள். கரையைக் காப்பதாகச் சொல்லி வாய்க்காலையே அடைத்த கதை இது. 'வேஷம்' என்ற உங்கள் பெரியவர்களின் சொல்லை அங்கே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பதில் 2: பெரம்பூர் செவிலி

பெரியவர் புத்தகத்திலிருந்து சொன்னதை நான் ஒரு வேலிக்கு அப்பால் கண்டேன். எட்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மருத்துவமனைப் பணியில் இருந்தபோது, பக்கத்து வீட்டில் பழக்கடை வைத்திருந்த ஒரு முதியவர், வாழ்நாள் முழுதும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கே வாக்களித்தவர். 2009 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட் விற்கக் கூடாது என்று ரிஷி சுனக் அரசு மசோதா கொண்டுவந்து, 2024 ஏப்ரலில் அது இரண்டாம் வாசிப்பில் 383க்கு 67 என்று தேறிய மறுநாள் காலை, குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டே என்னிடம் பொரிந்து தள்ளினார். அவர் புகைப்பவர் அல்லர். "நாளைக்கு அறுபது வயதுக்காரரிடமும் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்கச் சொல்வார்களா?" என்பதுதான் அவருடைய கோபம். எதிர்த்த 67 பேரில் பெரும்பாலோர் அவருடைய கட்சிக்காரர்கள். பேடனாக்கும் அவர்களுள் ஒருவர். தேர்தல் வந்ததால் மசோதா காலாவதியாகி, பிறகு தொழிற்கட்சி அரசு அதை மீண்டும் எடுத்துக்கொண்டது. நுரையீரல் நோயாளிகளை நாள்தோறும் பார்த்த நான் மசோதாவின் பக்கம்தான். இருந்தாலும் அந்த மனிதரை வேஷக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பதில் 3: கொருக்குப்பேட்டை வழக்கறிஞர்

கல்மண்டபத்து ஐயா பர்க்கின் பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்துவிட்டார் என்று தோன்றுகிறது. முன்னோர் விட்டுச்சென்ற சுதந்திரம் என்பது, அப்படி விட்டுச்செல்லும் முன்னோர் வாய்த்தவர்களுக்குப் பொருந்தும். ஆங்கிலேயர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம். அதன் 41ஆம் பிரிவைக் காட்டித்தான் இன்றும் நம் ஊரில் ஓர் ஆர்ப்பாட்டத்துக்குக் காவல் ஆணையரிடம் மனுவோடு நிற்கிறோம். என்னிடம் வழக்கை ஒப்படைத்த ஒருவருக்காக அப்படிப்பட்ட மனுவை எடுத்துக்கொண்டு மூன்று முறை அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மரபு என்பதாலேயே ஒன்று சுதந்திரத்தின் கரையாகிவிடாது.

தம்பிக்கு இரண்டு ஒப்பீடுகள் தருகிறேன். 2008இல் தொழிற்கட்சி அரசு, பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவரைக் குற்றச்சாட்டுப் பதியாமலே 42 நாட்கள் காவலில் வைக்க மசோதா கொண்டுவந்தது. பொதுச் சபையில் 315க்கு 306 என்று நூலிழையில் தேறியது. மறுநாளே கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் டேவிஸ் தம் உறுப்பினர் பதவியைத் துறந்து, அதே தொகுதியில் இந்தக் கேள்வியை முன்வைத்து மீண்டும் நின்று வென்றார். அக்டோபரில் பிரபுக்கள் சபை நிராகரித்ததும் அரசு அதைக் கைவிட்டது. 42 நாட்களுக்கே அங்கு ஒருவர் பதவியை விட்டார் என்றால், நம் பகுதியில் 'குண்டாஸ் போட்டுட்டாங்க' என்று டீக்கடையில் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசாரணையின்றி ஓர் ஆண்டு வரை உள்ளே வைக்கலாம். இதைச் சொன்னால் உங்கள் வட்டம் நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது, 2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், பிரிவு 127. மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்புவது குற்றம் என்கிறது அது. கதவைத் தட்டும் காவலர்களைப் பற்றிய புலம்பலில் பெரும் பங்கு இதைச் சுற்றியே வருகிறது. ஏறக்குறைய அதே சொற்களோடு இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவை நம் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்று அறிவித்தது. அங்கே மூலப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. நாடாளுமன்றமே உச்சம் என்பதால் ஒரு சட்டத்தை அடித்து வீழ்த்தும் அதிகாரம் அந்நாட்டு நீதிமன்றங்களுக்குக் கிடையாது. கன்சர்வேட்டிவ் கட்சி இப்போது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்தும் விலகப்போவதாக 2025இல் அறிவித்திருக்கிறது. அதை வரைவதில் முன்னின்ற டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் அவர்கள் கட்சிக்காரர்தான். தாத்தா வெட்டிய ஏரியைப் பேரன் தூர்க்கிறான் என்று ஐயாவின் உவமையையே திருப்பிச் சொல்லலாம். தீர்ப்பை வேற்று நாட்டு நீதிபதிகள் எழுதக் கூடாது, நம் நாடாளுமன்றமே எழுத வேண்டும் என்பது அவர்கள் தரப்பு வாதம். அது வலுவற்ற வாதம் அன்று. ஆனால் 14 ஆண்டுகள் அந்த நாடாளுமன்றம் யார் கையில் இருந்தது என்று தம்பி தொடக்கத்திலேயே கேட்டுவிட்டார்.

கேள்வி கேட்டவர்: வண்ணை வாசகன்

மூவருக்கும் நன்றி. 42 நாட்களில் தொடங்கிக் குண்டர் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து மதிலுக்குப் போகலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். செவிலியம்மா சொன்ன பழக்கடைக்காரரையும் அனுமதியோடு சேர்த்துக்கொள்கிறேன். பெரியவரிடம் ஒரு சந்தேகம்: ஏரிகளைப் பற்றி அவ்வளவு எழுதிய பர்க், சென்னைக்கு எப்போது வந்தார்?

பதில்: கல்மண்டபத்துப் பெரியவர்

வரவே இல்லை, தம்பி. இந்தியாவில் அவர் காலே வைத்ததில்லை. ஆவணங்களையும் அறிக்கைகளையும் வரைபடங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு லண்டனில் உட்கார்ந்தபடியே படித்தது அத்தனையும். வழக்கறிஞர் தம்பி என்னைச் சாய்ந்தவன் என்று சொன்னதை மறுக்கவில்லை. 1888ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு என்னிடம் பதிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், பின்வரிசையில் ஓர் இடம் போட்டு வையுங்கள்.