மாமரத்து முசுறுக் கூட்டை வீட்டில் வளர்க்கலாமா?

பிரவீன் (பட்டுக்கோட்டை):
வணக்கம். தோட்டத்து மாமரத்தில் கிளை கழித்தபோது தேங்காய் அளவுக்கு, இலைகளை ஒட்டிக் கட்டிய ஒரு முசுறு எறும்புக் கூடு கிளையோடு கிடைத்தது. விட மனம் வரவில்லை. பழைய மீன் தொட்டிக்குள் வைத்து, மேலே கொசுவலை கட்டியிருக்கிறேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நிறைய இருக்கின்றன. சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் எறும்புகள் நன்றாகக் குடிக்கின்றன. ஆனால் இலை காய்ந்து சுருள ஆரம்பித்துவிட்டது, வலை ஓரமாகவும் வெளியே வருகின்றன. ராணி கண்ணில் படவில்லை. அடியில் மண் போட்டால் சரியாகுமா?

மலர்விழி:
தம்பி, மண் வேண்டாம். முசுறு மண்ணில் குடியிருக்கிற எறும்பு இல்லை. இலை முழுக்கக் காய்வதற்குள் கூட்டை அதே மரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

கட்டெறும்பும் முசுறும் எனக்கு உயிர், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரே முசுறுக் குடும்பம் பல கூடுகளில் பரவியிருக்கும். பெரிய குடும்பம் என்றால் பக்கத்து மரங்களையும் சேர்த்து நூறு கூடுகள்கூட இருக்கும். ராணி அதில் ஏதோ ஒரு கூட்டில்தான் இருப்பாள். அவள் இடும் முட்டைகளை வேலைக்காரிகள் மற்ற கூடுகளுக்குத் தூக்கிப்போய் வளர்ப்பார்கள். அதனால் புழு இருக்கிறது என்பதற்காக ராணியும் உள்ளே இருக்கிறாள் என்று நம்ப முடியாது. புழுக்கள் எறும்பாகி வரும்வரை தொட்டி கலகலப்பாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு புது வேலைக்காரிகள் வரமாட்டார்கள். ராணி இல்லாதபோது வேலைக்காரிகள் முட்டையிட்டாலும், கருவுறாத முட்டையிலிருந்து ஆண்தான் வரும். ஆண் கூட்டுக்கு எந்த வேலையும் செய்யாது.

இலையும் பெரிய சிக்கல். சில எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறி மாறித் தொடும். புழு விடுகிற நூல்தான் கூட்டை ஒட்டுகிறது. மரத்தடியில் நின்று பொறுமையாக ஒருமுறை பாருங்கள், அவ்வளவு அழகு. தொட்டியில் கிடக்கும் காய்ந்த இலையில் இது நடக்காது.

செந்தில்_சிவகாசி:
மரத்தில் கட்டும்வரை தப்பிக்காமல் இருக்க, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை சானிடைசரில் கூழாகக் குழைத்துத் தொட்டியின் உள்விளிம்பில் பட்டையாகப் பூசிக் காயவிடுங்கள். கால் வழுக்கும். காற்றுப் போகாதபடி மட்டும் மூடிவிடாதீர்கள். மிரண்டால் பீச்சும் அமிலம் உள்ளேயே தேங்கி எறும்புகளையே கொன்றுவிடும்.

பிரவீன்:
நன்றி அக்கா, நன்றி செந்தில். அந்த மாமரம் இருக்கும் தோட்டம் கொஞ்சம் தூரம். வீட்டு வாசல் கொய்யா மரத்திலும் முசுறு இருக்கிறது. அதில் விட்டுவிடலாமா?

மலர்விழி:
வேண்டவே வேண்டாம் தம்பி. அது வேறு குடும்பம். வாசனையிலேயே அந்நியர் என்று கண்டுபிடித்து, ஆளுக்கொரு காலை இழுத்துக் கொன்றுவிடும். தூரமானாலும் அதே மரம்தான். வெயில் தாழ்ந்ததும் போங்கள். முசுறு ஊர்கிற ஒரு கிளையில், கூடு இருக்கும் குச்சியைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மரத்திலிருப்பவை வந்து புழுக்களை வாங்கிக்கொள்ளும். கையில் தேங்காய் எண்ணெய் தடவி முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் அமிலத்தையும் விடும், நன்றாக எரியும்.

வளர்க்கும் ஆசை இருந்தால் கட்டெறும்பில் தொடங்குங்கள். மழைக்குப் பிறகு விளக்கடியில் சிறகு உதிர்த்த ராணி தனியாக ஓடுவதைப் பார்க்கலாம். சோதனைக் குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, ராணியை விட்டபின் வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டான அலமாரியில் வைத்துவிடுங்கள். முதல் வேலைக்காரிகள் வரும்வரை தீனியே வேண்டாம். பறக்கும் தசையையும் உடம்பிலுள்ள கொழுப்பையும் கரைத்தே அவள் பிள்ளைகளை வளர்ப்பாள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள், மிரண்டால் முட்டையைத் தின்றுவிடுவாள். முதல் எறும்புகள் வந்ததும் இங்கே எழுதுங்கள், தீனி பற்றிச் சொல்கிறேன்.