நூலக ஆட்குறைப்புக்குக் ‘கண்ணீர் அஞ்சலி’ நோட்டீஸ்: சட்டச் சிக்கல் வருமா?

புளியடி:
வணக்கம். எங்கட பகுதிப் பிரதேச சபை நூலகத்தில இப்ப ஐந்து பேர் வேலை செய்யினம். இரண்டு பேர் நிரந்தரம், மூன்று பேர் அமைய ஊழியர் (நாட்கூலிக்கு வேலை செய்யிறவை). அடுத்த பாதீட்டில அமைய ஊழியர் ஒருவரை நிறுத்தி, மற்ற இருவருக்கும் மாதம் 25 நாள் வேலையை 12 நாளாக்கப் போகினம் என்று தெரியவந்திருக்கு. சனசமூக நிலையப் பொடியள் இதைக் கண்டிச்சு ‘கண்ணீர் அஞ்சலி’ நோட்டீஸ் ஒன்று தயாரிச்சிருக்கினம். தோற்றம், மறைவு, கறுப்புக் கரை எல்லாம் அப்பிடியே இருக்கு. அதில ஊழியர்களின்ர பெயரும் படமும் போட்டதால அவையின்ர வீட்டுக்காரர் கோபப்படினம். சபை உறுப்பினர் சிலர் மானநஷ்ட வழக்குப் போடுவம் என்று சொல்லினம். எனக்குத் தெரிய வேண்டியது: சட்டப்படி என்ன சிக்கல் வரும்? நிரந்தர ஊழியர் இரண்டு பேரை வைச்சு நூலகம் நடத்தலாம் என்று சபை சொல்லுறது சரியோ? நோட்டீஸில என்ன எழுதினால் மறுக்க ஏலாது?

அடுக்கு894:
இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. கிழமைக்கு 6 நாள், நாளுக்கு 9 மணித்தியாலம் திறக்கிற நூலகம் என்று வைப்பம். பொது விடுமுறைகளைக் கழிச்சால் வருடம் ஏறக்குறைய 290 நாள், அதாவது 2,610 மணித்தியாலம். கிழமைக்கு 5 நாள் வேலை செய்யிற நிரந்தர ஊழியருக்கு 260 நாளில பொது விடுமுறை 20 போக 240. அதில உரித்தான லீவு 45 நாள் (ஓய்வு லீவு 24, அமைய லீவு 21) போனால் மிச்சம் 195. சாப்பாட்டு நேரம் கழிச்சு நாளுக்கு 7 மணி என்றால் 1,365 மணித்தியாலம். 2,610ஐ இதால பிரிச்சால் 1.9 வரும். அப்ப இரண்டு பேரும் முழு வருடமும் இரவல் மேசை ஒன்றில மாறி மாறி இருக்கத்தான் காணும். வேற ஒரு வேலைக்கும் ஆளில்லை. உங்கட நூலகத்தின்ர உண்மையான நேரத்தைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கோ. சிறுவர் பகுதி தனி அறையில இருந்தால் அங்க இன்னொரு ஆள் வேணும்.

அந்த ‘வேற வேலை’ எது என்று வெளியில இருக்கிறவைக்குத் தெரியாததுதான் பிரச்சினை. ஒரு நூல் வந்தால் முத்திரை குத்தி, வரவுப் பதிவேட்டில இலக்கம் போட்டு, டூயி பகுப்பு எண் (பொருள்வாரியா அடுக்குற எண்) தீர்மானிச்சு, பட்டியல் பதிவு செய்து, முதுகில சுட்டி ஒட்டி, திகதித் தாள் ஒட்ட வேணும். வெளிநாட்டு ஆங்கில நூலுக்கு ஆயத்தப் பதிவு இணையத்தில கிடைக்கும். யாழ்ப்பாணத்தில அச்சான தமிழ் நூலுக்குப் பெரும்பாலும் கிடைக்காது, முழுக்கக் கையால செய்ய வேணும். ஒன்றுக்கு 25 நிமிடம் என்று வைச்சால் 300 நூலுக்கு 125 மணித்தியாலம், கிட்டத்தட்ட 18 வேலைநாள். ஆள் குறைஞ்சால் முதலில நிக்கிறது இதுதான். நூல் வாங்கின காசு பெட்டிக்குள்ள முடங்கிக் கிடக்கும்.

அடுத்தது அடுக்குச் சரிபார்ப்பு. 894.811இல (தமிழ் இலக்கியம்) இருக்க வேண்டிய நாவல் ஒன்று 954க்குள்ள (தெற்காசிய வரலாறு) போய்விட்டால், பட்டியலில ‘இருக்கு’ என்று வரும், கையில கிடைக்காது. வருடாந்தக் கணக்கெடுப்பில அது ‘காணாமல் போனது’ ஆகும். பிறகு பொறுப்பாளரிட்ட விளக்கம் கேட்பினம். பிழையின்ர காரணம் ஆளில்லாதது, பதில் சொல்ல வேண்டியவர் மிஞ்சியிருக்கிற ஊழியர்.

மாரி காலத்துக் கறையான் பற்றியும் எழுதுங்கோ. அலுமாரியைச் சுவரிலயிருந்து ஒரு சாண் தள்ளி வைச்சு, கிழமைக்கு ஒருக்கால் பின்பக்கத்தையும் அடித்தட்டையும் பார்க்க வேணும். மேசையில தனிய இருக்கிறவர் எழும்பிப் போக ஏலாது. ஊர்க் கோயில் மலர், பாடசாலை மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவா அச்சடிக்கிற சிறுநூல்) எல்லாம் ஒரு பிரதி ரெண்டு பிரதிதான் மிஞ்சியிருக்கும், அதுவும் அடித்தட்டிலதான் கிடக்கும். பொருளாதாரக் கணக்கில வராத இழப்பு அது, எனக்கு இதுதான் ஆகப் பெரிய கவலை.

ஆளணி:
நோட்டீஸில ‘சம்பளத்தை வெட்டினார்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம். செயலாளர் ஒரு நிமிடத்தில் மறுத்துவிடுவார். நிரந்தர ஊழியரின் அடிப்படைச் சம்பளம் பொது நிருவாகச் சுற்றறிக்கைப்படி வருவது. சபை அதில் கைவைக்க முடியாது, மேலதிக நேரத்தையும் விடுமுறைநாள் கொடுப்பனவையும்தான் குறைக்க முடியும். அமைய ஊழியருக்கு நாட்கூலி, ஆகவே நாளைக் குறைப்பதே சம்பள வெட்டு. 25 நாள் 12 ஆனால் வருமானம் பாதிக்கும் கீழே போகிறது. கூடவே ஊழியர் சேமலாப நிதியும் (ஊழியர் 8%, சபை 12%), நம்பிக்கை நிதியும் (சபை 3%) அதே விகிதத்தில் சுருங்கும். அந்த ஊழியர்கள் தங்கள் நிதிக் கணக்கில் மாதப் பணம் ஒழுங்காக வரவாகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

ஏன் முதலில் இவர்கள்? அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் (அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பதவிகளில்) இருப்பவரின் சம்பளத்தில் பெரும்பங்கு அரசிடமிருந்து சபைக்கு மீளளிப்பாக வருகிறது. அமையக் கூலி சபையின் சொந்த நிதியிலிருந்து போகிறது. எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: அந்த நூலகத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, அதில் வெற்றிடம் எத்தனை? வெற்றிடம் இருந்தால் அதை நிரப்பச் சொல்லலாம், சொந்த நிதிச் சுமையும் குறையும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. ‘நூலகம் பற்றிய எல்லா விவரமும்’ என்று கேட்டால் இழுபடும். ஆளணி, வெற்றிடம், மூன்று வருட அமையக் கூலிச் செலவு, மாதவாரி இரவல் எண்ணிக்கை, வாங்கியும் பட்டியலிடாத நூல்கள் என்று பிரித்துக் கேளுங்கள்.

தெருவெளி:
இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. குடியியல் மானநஷ்ட வழக்கு இன்னும் போடலாம். முகநூலில் போட்டால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் யோசிக்க வேண்டும். அது பொய்யான கூற்றைப் பிடிப்பது, ஆகவே ஒவ்வொரு இலக்கத்துக்கும் கையில் கடதாசி இருக்க வேண்டும். மறுபக்கம், அரசைக் கண்டிக்க மேளம் அடிப்பதும் மணி ஒலிப்பதும்கூடப் பேச்சுச் சுதந்திரம்தான் என்று ஜன கோஷா வழக்கில் உயர் நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. அங்கதம் செய்ய உரிமை இருக்கிறது.

ஆனால் உயிரோடு இருப்பவரின் பெயரும் படமும் அஞ்சலி நோட்டீஸில் வரக் கூடாது. யாழ்ப்பாணத்தில் மதிலில் அதைப் பார்க்கிறவர் முதலில் பெயரைத்தான் வாசிப்பார், உடனே வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். வீட்டுக்காரரின் கோபம் முழு நியாயம். ஆட்களை எடுத்துவிட்டு வேலைகளைப் போடுங்கள்: ‘மறைவு: வெள்ளிக்கிழமை வர்த்தமானி கோப்பிடல்’, ‘மறைவு: சிறுவர் பகுதி’. வேலை தேடுகிற பிள்ளைகள் வர்த்தமானி பார்க்கத்தான் அங்கே வருகிறார்கள், அவர்களுக்கு உடனே விளங்கும். ஊழியர்கள் இதைப் பகிரவோ விருப்பக்குறி இடவோ வேண்டாம். அரச ஊழியரின் நடத்தை விதிகளைச் சொல்லும் தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் அவர்கள்மேல்தான் பாயும், உங்கள்மேல் அல்ல. சபைச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டாதீர்கள், கிழிப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். நிலையத்தின் சொந்த அறிவித்தற் பலகை போதும்.

புளியடி:
மிச்சம் நன்றி. பெயர்களை எடுக்கச் சொல்லுறன். பின்பக்கத்தில 1981இல எரிஞ்ச யாழ் நூலகப் படம் போட யோசிச்சிருக்கினம். அது சரியா வருமோ?

அடுக்கு894:
வேண்டாம் தம்பி. 97,000 நூல் வரையில எரிஞ்ச கொடுமையையும் பாதீட்டு முடிவு ஒன்றையும் ஒரே தாளில வைச்சால், சபை அந்த ஒப்பீட்டைத்தான் பிடிச்சுக் கதைக்கும். 1.9 கணக்கைப் பற்றி ஒருத்தரும் கதைக்க மாட்டினம். எரிஞ்சதைக் கண்ட ஆட்கள் இன்னும் எங்களோட இருக்கினம், அவைக்கும் நோகும். அந்த இடத்தில மணித்தியாலக் கணக்கைப் பெரிய எழுத்தில போடுங்கோ.

ஆளணி:
நேரம் முக்கியம். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் வருட முடிவுக்குள் பாதீடு நிறைவேறிவிடும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், உறுப்பினர்கள் எப்படியும் நூலகத்துக்கு வருவார்கள். நோட்டீஸ் அப்போது இருக்கட்டும். தகவல் கோரிக்கையை ஓகஸ்ட்டிலேயே கொடுத்தால்தான் மேன்முறையீட்டுக்கும் நாள் மிஞ்சும். கணக்கோடு கூடிய கடிதத்தைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் தனித்தனியே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கையளிப்பதானால் தலைமை அலுவலகத்தில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். உப அலுவலகத்தில் கொடுத்தால் அங்கிருந்து போய்ச் சேரப் பிந்தும்.